பழைய டெஸ்க்டாப்பில் இரண்டாவது இயங்குதளம்: உள்ளே நடப்பது என்ன?

பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸோடு சேர்த்து லினக்ஸும் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். "லினக்ஸ் போட்டா விண்டோஸ் அழிஞ்சிடும்" என்பார் ஒருவர். "ரெண்டு ஓஎஸ் இருந்தா மெஷின் திணறும்" என்பார் இன்னொருவர். "நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு கொடுத்துக்கிட்டே போ, தானா ஏறிடும்" என்று தைரியம் சொல்லவும் ஆள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்சத்தை மட்டும் நம்பி இறங்குபவர்கள்தான் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார நேர்கிறது.

இந்தக் கேள்வி இப்போது அதிகம் எழுவதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இந்த வரம்புக்குள் வராத, ஆனால் இன்னும் நன்றாக ஓடுகிற டெஸ்க்டாப்கள் ஏராளம். பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, அதை விட முடியாது. இணையத்துக்குப் போக மட்டும் பாதுகாப்பான வேறொன்று வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் என்பது நல்ல வழி.

எந்தப் பட்டனை அழுத்துவது என்ற பட்டியல் எங்கும் கிடைக்கும். அந்தப் பட்டனை அழுத்தும்போது உள்ளே எது மாறுகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அது பிடிபட்டால், திரையில் வரும் கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

## அணைத்து வைத்த கணினியில் இயங்குதளம் என்பது வெறும் ஃபைல்கள்

கணினியின் ரேம், டிஸ்க், திரை, கீபோர்டு எல்லாவற்றையும் நிர்வகித்து, மற்ற சாஃப்ட்வேர்கள் ஓட இடம் கொடுக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்தான் இயங்குதளம். விண்டோஸ் ஒரு இயங்குதளம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை மையமாக வைத்து உருவான உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் போன்றவையும் இயங்குதளங்களே.

மின்சாரத்தை நிறுத்திவிட்டால் விண்டோஸ் என்பது ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் பல்லாயிரம் ஃபைல்கள், அவ்வளவுதான். உங்கள் போட்டோக்கள் கிடப்பதுபோலவே அதுவும் கிடக்கிறது. கணினியைப் போட்டதும் அந்த ஃபைல்களில் சில ரேமுக்கு ஏறி ஓடத் தொடங்கும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது.

காலையில் ஒரு பள்ளி, மாலையில் இன்னொரு பள்ளி என்று ஷிஃப்ட் முறையில் நடக்கும் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பறை, பெஞ்சு, கரும்பலகை எல்லாம் ஒன்றுதான். காலைப் பள்ளியின் பதிவேடுகள் ஒரு அலமாரியில், மாலைப் பள்ளியினுடையவை இன்னொன்றில். காலை ஷிஃப்ட் முடிந்ததும் பலகையை அழித்துவிட்டுப் போய்விடுவார்கள். மாலைக்காரர்கள் வந்து தங்கள் பாடத்தை எழுதுவார்கள். வாசலில் சாவிக்கொத்தோடு ஒரு காவலாளி இருக்கிறார். இப்போது யார் ஷிஃப்ட் என்று பார்த்து உரிய அலமாரியைத் திறந்துவிடுவது அவர் வேலை.

பலகைதான் ரேம். அலமாரிகள் டிஸ்க்கின் பகுதிகள். சாவிக்காரர் யார் என்பதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம். இந்த விஷயத்தில் நிகழும் கோளாறுகளில் பெரும்பாலானவை அவரைச் சுற்றியே நடக்கின்றன.

"ரெண்டு இருந்தா ஸ்லோ ஆகும்" என்ற பயத்துக்கு விடை இதிலேயே இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடுகிறது. நீங்கள் லினக்ஸில் இருக்கும்போது விண்டோஸ் ஒரு பைட் ரேமைக்கூட எடுத்துக்கொள்ளாது. இரண்டாவது இயங்குதளம் எடுத்துக்கொள்வது டிஸ்க்கில் இடம் மட்டுமே. சி டிரைவைச் சுருக்கிச் சுருக்கி அதில் மூச்சுவிட இடமில்லாமல் செய்துவிட்டால் விண்டோஸ் தடுமாறும். அதற்குக் காரணம் இடப் பற்றாக்குறைதான்.

விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் லினக்ஸை ஓட்டுவதையும் பலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வர்ச்சுவல் மெஷின். அங்கே இரண்டும் ஒரே நேரத்தில் ஓடி ரேமைப் பங்குபோட்டுக்கொள்ளும். பழைய கணினிக்கு அது பெரிய சுமை. நாம் பேசுவது டூயல் பூட், அதாவது கணினியைப் போடும்போதே எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, அதை மட்டும் ஓட்டும் முறை.

சரி, இதுவரை: இயங்குதளம் என்பது டிஸ்க்கில் கிடக்கும் ஃபைல்கள், ரேமில் ஏறினால்தான் அது ஓடும், ஏறுவது ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

## டிஸ்க்கைப் பங்கு பிரிப்பது

ஒரே டிஸ்க்கைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி டிஸ்க்போல நடத்தலாம். அப்படிப்பட்ட ஒரு பகுதிக்குத்தான் பார்ட்டிஷன் என்று பெயர். விண்டோஸில் நீங்கள் பார்க்கும் சி, டி, இ எல்லாம் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள்தான். "சி டிரைவை ஃபார்மேட் பண்ணிட்டேன், டி அப்படியே இருக்கு" என்று சொல்ல முடிவது இதனால்தான்.

ஒவ்வொரு பார்ட்டிஷனுக்குள்ளும் ஃபைல்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று ஒரு முறை உண்டு. அது ஃபைல் சிஸ்டம். விண்டோஸ் பயன்படுத்துவது என்டிஎஃப்எஸ். லினக்ஸ் பெரும்பாலும் எக்ஸ்ட்4. லினக்ஸால் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கவும் எழுதவும் முடியும். விண்டோஸுக்கு எக்ஸ்ட்4 தானாகப் புரியாது. அதனால் இரண்டிலிருந்தும் எடுக்க வேண்டிய ஃபைல்களை என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் ஒன்றில் வைப்பதே வசதி.

எங்கே எந்தப் பார்ட்டிஷன் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற குறிப்பு டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும். பழைய கணினிகளில் இது எம்பிஆர் என்ற முறையில் இருக்கும். 1983-இல் வந்த பிசி டாஸ் 2.0 காலத்து ஏற்பாடு. அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், பல புதிர்கள் அங்கேதான் அவிழ்கின்றன.

டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகள்தான் எம்பிஆர். அதில் முதல் 446 பைட்டுகள் கணினியைக் கிளப்புவதற்கான ஒரு குட்டி புரோகிராம். அடுத்த 64 பைட்டுகள் பார்ட்டிஷன் பட்டியல். கடைசி 2 பைட்டுகள் "இது சரியான எம்பிஆர்தான்" என்பதற்கான முத்திரை. பட்டியலில் ஒரு பார்ட்டிஷனைக் குறிக்க 16 பைட் வேண்டும். 64-ஐ 16-ஆல் வகுத்தால் 4. எம்பிஆர் டிஸ்க்கில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் போட முடியாது என்ற விதி இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். 2 டிபி-க்கு மேற்பட்ட டிஸ்க்கை முழுதாகப் பயன்படுத்த முடியாததற்கும் காரணம் அதே இட நெருக்கடி. இடத்தைக் குறிக்கும் எண்ணுக்கு 32 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

நான்குக்கு மேல் வேண்டுமானால் அவற்றில் ஒன்றை எக்ஸ்டென்டட் பார்ட்டிஷனாக ஆக்கி, அதற்குள் வேண்டிய அளவு லாஜிக்கல் பார்ட்டிஷன்களைப் போட்டுக்கொள்ளலாம். லினக்ஸ் இந்த உள்பார்ட்டிஷன்களிலும் தாராளமாக ஓடும்.

நடைமுறையில் இது எங்கே இடிக்கும் தெரியுமா? கம்பெனியிலிருந்து விண்டோஸோடு வந்த பழைய டெஸ்க்டாப்களில் நான்கு இடங்களும் ஏற்கெனவே நிரம்பியிருக்கலாம்: கணினியைக் கிளப்ப (அதாவது பூட் செய்ய) ஒன்று, சி, டி, அப்புறம் விண்டோஸை மீட்டெடுக்கக் கம்பெனி வைத்த ரெகவரி. நீங்கள் சி-யிலிருந்து 60 ஜிபி ஒதுக்கிவைத்தாலும், லினக்ஸ் இன்ஸ்டாலர் அந்த இடத்தைப் பயன்படுத்த முடியாதது என்று காட்டும். டிஸ்க் கெட்டுவிட்டதாக நினைத்துப் பயப்பட வேண்டாம். பட்டியலில் ஐந்தாவது வரி எழுத இடமில்லை, அவ்வளவுதான். டி-யில் உள்ளதை வெளியே எடுத்துவைத்துவிட்டு டி-யை நீக்கினால், அந்த இடத்தில் எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன் போடலாம். இந்த நிலையில் விண்டோஸிலேயே புதிய பார்ட்டிஷன் உருவாக்கப் போனால், "டைனமிக் டிஸ்க்காக மாற்றவா?" என்று கேட்கக்கூடும். சரி என்று சொல்லிவிடாதீர்கள். அந்த அமைப்புக்கு மாறிய டிஸ்க்கில் லினக்ஸ் போடுவது பெரும்பாடு.

புதிய முறையின் பெயர் ஜிபிடி. அதில் சாதாரணமாகவே 128 பார்ட்டிஷன்களுக்கு இடம் உண்டு. பட்டியலின் இன்னொரு பிரதியை டிஸ்க்கின் கடைசியிலும் வைத்திருக்கும். உங்கள் டிஸ்க் ஜிபிடி என்றால் மேலே சொன்ன நான்கு இடப் பிரச்சினையே இல்லை.

## பவர் பட்டனிலிருந்து விண்டோஸ் வரை

இப்போது சாவிக்காரரிடம் வருவோம்.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் எழுவது விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. மதர்போர்டில் உள்ள ஒரு சிப்பில் பதிந்திருக்கும் சிறிய புரோகிராம்தான் முதலில் ஓடும். பழைய கணினிகளில் அது பயாஸ். ரேம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்றெல்லாம் சரிபார்த்துவிட்டு, எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்பச் சொல்லியிருக்கிறார்களோ அதன் முதல் 512 பைட்டை அப்படியே ரேமில் ஏற்றி, "இனி உன் பாடு" என்று விட்டுவிடும். டிஸ்க்கில் எத்தனை இயங்குதளம் இருக்கிறது என்பதெல்லாம் பயாஸுக்குத் தெரியாது.

446 பைட்டில் எவ்வளவு எழுத முடியும்? இந்தப் பத்தியின் எழுத்துகளைச் சேமிக்கவே அதைவிட அதிக இடம் வேண்டும். ஆகவே அந்தக் குட்டி புரோகிராம் செய்வதெல்லாம், தன்னைவிடப் பெரிய ஒரு புரோகிராமைக் கூப்பிட்டுவிடுவதுதான். அது இன்னொன்றைக் கூப்பிடும். இப்படிச் சங்கிலியாகப் போய்க் கடைசியில் இயங்குதளத்தை ரேமில் ஏற்றும் புரோகிராமுக்குப் பெயர் பூட் லோடர். நம் பள்ளிக் கட்டடத்தின் சாவிக்காரர் இவர்தான். விண்டோஸுக்குச் சொந்தமாக ஒன்று உண்டு. லினக்ஸ் பக்கம் பெரும்பாலும் இருப்பது கிரப். கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் "உபுண்டு, விண்டோஸ்" என்று வரிகள் வந்து, சில விநாடிகள் காத்திருக்குமே, அதுதான் கிரப்.

விண்டோஸை முதலில் போட்டுவிட்டு லினக்ஸைப் பிறகு போடு என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இங்கே இருக்கிறது. லினக்ஸ் இன்ஸ்டாலர் அந்த 446 பைட்டில் கிரப்பின் முதல் துண்டை எழுதும்போது, டிஸ்க்கில் வேறு என்ன இயங்குதளம் இருக்கிறது என்று தேடிப் பார்த்து, விண்டோஸைக் கண்டால் தன் மெனுவில் சேர்த்துக்கொள்கிறது. விண்டோஸ் இன்ஸ்டாலர் அப்படித் தேடுவதில்லை. அந்த 446 பைட்டில் தன்னுடையதை எழுதிவிட்டு, நேரே விண்டோஸுக்குப் போகும். லினக்ஸ் பற்றி அதற்குக் கவலையில்லை.

"விண்டோஸைத் திரும்பப் போட்டேன், லினக்ஸ் காணாமல் போயிடுச்சு" என்பவரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இருந்த பார்ட்டிஷனில் மட்டும் விண்டோஸைப் போட்டிருந்தால் லினக்ஸ் எங்கேயும் போகவில்லை. மாறியது முதல் 446 பைட். அடுத்த 64 பைட்டில் உள்ள பட்டியலில் லினக்ஸ் பார்ட்டிஷன் அப்படியே இருக்கிறது, அதற்குள் ஃபைல்களும் அப்படியே இருக்கின்றன. கூப்பிடத்தான் ஆள் இல்லை. லினக்ஸ் இன்ஸ்டாலர் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றிலிருந்து கணினியைக் கிளப்பி கிரப்பை மீண்டும் எழுதினால் எல்லாம் திரும்பிவிடும். லினக்ஸ் மின்டின் பென் டிரைவ் பதிப்பில் இதற்கென்றே "பூட் ரிப்பேர்" என்ற கருவி வருகிறது. இது தெரியாமல், "அழிஞ்சுதான் போச்சே" என்று டிஸ்க்கை முழுவதுமாக ஃபார்மேட் செய்து, இருந்ததையும் உண்மையாகவே அழித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

## பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐ இருந்தால்

விண்டோஸ் 8 வந்த 2012-ஐ ஒட்டிய காலத்திலிருந்து விற்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலும் பயாஸின் இடத்தில் யூஇஎஃப்ஐ இருக்கும். வேலை அதேதான், முறை வேறு. இது 446 பைட்டை நம்பி இருப்பதில்லை. டிஸ்க்கில் ஃபேட்32 ஃபைல் சிஸ்டம் கொண்ட ஒரு சிறிய பார்ட்டிஷன் இருக்கும். அதற்கு இஎஸ்பி என்று பெயர். அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர் என்று ஒவ்வொரு பூட் லோடரும் தன் இடத்தில் சாதாரண ஃபைலாக இருக்கும். எதை முதலில் கூப்பிடுவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும்.

ஒன்றின்மேல் ஒன்றை எழுத வேண்டிய கட்டாயம் இல்லாததால் சண்டை குறைவு. ஆனாலும் விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்து நிற்பது உண்டு. மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் செட்டப் திரைக்குள் போய் வரிசையை மாற்றினால் சரியாகிவிடும்.

இந்தத் தலைமுறை மதர்போர்டுகளில் ஒரு பொறி உண்டு. யூஇஎஃப்ஐ முறையிலும் கிளம்பும், பழைய பயாஸ்போலவும் நடிக்கும். அந்தப் பழைய முறைக்கு லெகசி என்று பெயர். உங்கள் விண்டோஸ் எந்த முறையில் கிளம்புகிறதோ, லினக்ஸையும் அதே முறையில்தான் போட வேண்டும். ஒன்று லெகசி, இன்னொன்று யூஇஎஃப்ஐ என்று போய்விட்டால் கிரப் மெனுவிலிருந்து விண்டோஸைக் கூப்பிட முடியாது.

கண்டுபிடிப்பது எளிது. விண்டோஸ் தேடலில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று அடித்துத் திறந்துபாருங்கள். "பயாஸ் மோட்" என்ற வரியில் லெகசி அல்லது யூஇஎஃப்ஐ என்று இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு லினக்ஸ் பென் டிரைவிலிருந்து கிளம்பும்போது, எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், இன்னொன்றில் இருக்காது. நீங்கள் குறித்துவைத்ததோடு பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். பலர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்ளும் பிரச்சினை இந்த ஒரு தேர்வில் முடிந்துவிடும்.

சுருக்கமாக: பயாஸ் முறையில் டிஸ்க்கின் முதல் 446 பைட் யாருடையதோ அவர் கையில் சாவி. யூஇஎஃப்ஐ முறையில் வரிசையின் முதலில் இருப்பவர் கையில் சாவி. இரண்டு இயங்குதளமும் ஒரே முறையில் இருக்க வேண்டும்.

## உங்கள் கணினி எவ்வளவு பழையது?

இன்டெல் கோர் 2 டுவோ காலத்திலிருந்து வந்த டெஸ்க்டாப்கள் அனேகமாக 64 பிட்தான், கவலை இல்லை. அதற்கும் முந்தைய 32 பிட் இயந்திரம் என்றால் வாய்ப்புகள் சுருங்கிவிட்டன. நெடுங்காலம் தாங்கிப் பிடித்திருந்த டெபியன்கூட 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் இன்ஸ்டாலர் தருவதில்லை.

லினக்ஸ் மின்ட் குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்கிறது, வசதியாக ஓட 4 ஜிபி. டிஸ்க்கில் குறைந்தது 20 ஜிபி. பழைய இயந்திரத்துக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்போ, உபுண்டுவின் லேசான வடிவமான லுபுண்டுவோ பொருத்தம். ஆனால் ஒன்று: லினக்ஸ் லேசானது என்பதற்காக இணையதளங்கள் லேசாகிவிடாது. 2 ஜிபி ரேமில் நாலைந்து டேப் திறந்தால் எந்த இயங்குதளமும் முக்கத்தான் செய்யும்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு என் உறுதியான பரிந்துரை, லினக்ஸுக்குத் தனியாக ஒரு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான டிஸ்க்) வாங்கி மாட்டுவது. 120 ஜிபி போதும். கேபினட்டைத் திறந்தால் மதர்போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா போர்ட் ஒன்று காலியாகவும், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து வரும் ஒயர்களில் காலியான முனை ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, விண்டோஸ் உள்ள ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றுங்கள். புது எஸ்எஸ்டி மட்டும் இருக்கும் நிலையில் லினக்ஸைப் போடுங்கள். முடிந்ததும் பழையதை மறுபடி மாட்டுங்கள். கழற்றி வைத்த டிஸ்க்கில் எந்த இன்ஸ்டாலராலும் எதையும் எழுத முடியாது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதனதன் பூட் லோடர் தனியாக இருக்கும். கணினியைப் போடும்போது பூட் மெனு பட்டனை அழுத்தி எந்த டிஸ்க் என்று தேர்ந்தெடுத்தால் போதும். அந்தப் பட்டன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எஃப்12, எஃப்11, எஃப்8 என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். மேலே விளக்கிய சிக்கல்களில் பாதிக்குமேல் இந்த முறையில் எழவே எழாது.

ஒரே டிஸ்க்கில்தான் போட வேண்டும் என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

## போடுவதற்கு முன்

முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு எடுத்துவையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் இது சம்பிரதாயமான எச்சரிக்கை இல்லை. பார்ட்டிஷனைச் சுருக்கும்போது டிஸ்க்கில் நிறைய தகவல் இடம் மாறுகிறது; ஏற்கெனவே தளர்ந்துபோன டிஸ்க் அந்த வேலையில் விழுந்துவிடலாம்.

டிஸ்க்கை ரகசியக் குறியீட்டில் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருந்தால் அதன் ரெகவரி கீயை எழுதிவைத்துக்கொண்டு, அதை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். பூட் அமைப்பு மாறியதும் அது அந்தக் கீயைக் கேட்கும்.

விண்டோஸ் 8-இலிருந்து "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற வசதி உண்டு. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக இறங்காது. தன் மையப் பகுதியின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடரும். அதாவது, தன் பார்ட்டிஷனில் வேலை இன்னும் பாக்கி இருப்பதாகக் குறித்துவைத்துப் போகிறது. அந்த நிலையில் லினக்ஸ் உள்ளே எழுதினால் தகவல் கெடும். அதனால் லினக்ஸ் அந்தப் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் அனுமதிக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் இதை அணைத்துவிடுங்கள்.

அப்புறம் இடம் ஒதுக்குவது. விண்டோஸ் பார்ட்டிஷனை விண்டோஸைக் கொண்டே சுருக்குவது நல்லது. "டிஸ்க் மேனேஜ்மென்ட்" திறந்து, சி-யின்மேல் ரைட் கிளிக் செய்து "ஷ்ரிங்க் வால்யூம்" கொடுங்கள். 100 ஜிபி காலியாக இருந்தும் 12 ஜிபிதான் சுருக்க முடியும் என்று அது சொல்லலாம். நகர்த்த முடியாத ஏதோ ஒரு சிஸ்டம் ஃபைல் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். ஹைபர்னேஷனையும் சிஸ்டம் ரெஸ்டோரையும் தற்காலிகமாக அணைத்துவிட்டு முயன்றால் பெரும்பாலும் வழிவிடும். கிடைத்த இடத்தில் விண்டோஸில் எதையும் உருவாக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

## இன்ஸ்டாலர் கேட்கும் ஒரு கேள்வி

லினக்ஸ் பென் டிரைவிலிருந்து கிளம்பியதும் எதையும் டிஸ்க்கில் எழுதாமலே அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, திரை சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். அதை வைத்து வேகத்தை எடைபோட வேண்டாம்.

இன்ஸ்டாலர் கேட்பவற்றில் மொழி, கீபோர்டு, நேரம் எல்லாம் பிறகும் மாற்றிக்கொள்ளக்கூடியவை. எங்கே போடுவது என்ற கேள்வி மட்டும்தான் உயிர் நாடி. விண்டோஸோடு சேர்த்துப் போடு, டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடு, நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று மூன்று விதமாகக் கேட்கும். நடுவில் உள்ளது டிஸ்க் முழுவதையும் துடைத்துவிடும், டி டிரைவையும் சேர்த்து. "நெக்ஸ்ட் நெக்ஸ்ட்" ஆலோசனை ஆளைக் கவிழ்ப்பது இந்தத் திரையில்தான். முதலாவது தெரிவே உங்களுக்குக் காட்டப்படவில்லை என்றால், பெரும்பாலும் இன்ஸ்டாலரின் கண்ணுக்கு விண்டோஸ் படவில்லை என்று அர்த்தம். அங்கேயே நிறுத்துங்கள். லெகசி, யூஇஎஃப்ஐ முறை மாறிவிட்டதா என்று பாருங்கள்.

நீங்களே தேர்ந்தெடுப்பதாக இருந்தால், சி, டி என்ற பெயர்கள் அங்கே இருக்காது. முதல் டிஸ்க் எஸ்டிஏ, இரண்டாவது எஸ்டிபி. எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்பவை முதல் டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள். பெயரை நம்பாமல் அளவை வைத்து அடையாளம் காணுங்கள். நீங்கள் ஒதுக்கிய காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்ட்4 என்று வைத்து, மவுன்ட் பாயின்ட் என்ற இடத்தில் ஒரு சாய்கோடு மட்டும் போடுங்கள். லினக்ஸின் மொத்த ஃபைல்களும் தொடங்கும் இடம் அது என்று பொருள். கடைசியாக ஒரு பெட்டி வந்து, எந்தெந்தப் பார்ட்டிஷன் ஃபார்மேட் ஆகப் போகிறது என்று வரிசையாகச் சொல்லும். அதில் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் எதுவும் இருக்கக் கூடாது. அந்தப் பெட்டியை மட்டும் நிதானமாகப் படியுங்கள், மற்ற எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தாலும்.

## பிறகு வரும் குழப்பங்கள்

லினக்ஸுக்குப் போய்விட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் சில மணி நேரம் தப்பாக ஓடும். மதர்போர்டில் ஓடும் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைத்துக்கொள்வது லினக்ஸின் வழக்கம். உள்ளூர் நேரத்தை வைத்துக்கொள்வது விண்டோஸின் வழக்கம். லினக்ஸில் உள்ளூர் நேரத்தையே பயன்படுத்தச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் தேதியே பல வருடம் பின்னால் போய் நின்றால் அது வேறு நோய்: மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தால் பூட் வரிசை உள்ளிட்ட அமைப்புகளும் மறந்துபோகலாம். பழைய கணினியில் ஒரு நாள் திடீரென்று கிரப் வரவில்லை என்றால், மற்ற எதையும் தொடுவதற்கு முன் தேதியைப் பாருங்கள்.

இன்னொன்று, லினக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் செய்வது. விண்டோஸுக்குள் போய் லினக்ஸ் பார்ட்டிஷனை நீக்கிவிடுவார்கள். மறுபடி கணினியைப் போட்டால் "அந்தப் பார்ட்டிஷன் இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் கீழே "கிரப் ரெஸ்கியூ" என்ற சொல்லோடு கர்சர் மின்னிக்கொண்டு நிற்கும். விண்டோஸ் முழுதாகத்தான் இருக்கிறது. 446 பைட்டில் கிரப்பின் முதல் துண்டு இன்னும் இருக்கிறது, அது கூப்பிட வேண்டிய மீதி கிரப் நீங்கள் நீக்கிய பார்ட்டிஷனில் இருந்தது. சங்கிலி நடுவில் அறுந்துவிட்டது.

ஆகவே முதலில் சாவியை விண்டோஸிடம் கொடுத்துவிட்டு, பிறகு பார்ட்டிஷனை நீக்குங்கள். லெகசி முறை என்றால் விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவிலிருந்து கிளம்பி, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, "பூட்ரெக்" கட்டளையை "ஃபிக்ஸ்எம்பிஆர்" என்ற தெரிவோடு கொடுத்தால், 446 பைட்டில் விண்டோஸுடையது வந்து உட்காரும். யூஇஎஃப்ஐ என்றால் செட்டப்பில் விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையின் முதலுக்குக் கொண்டுவந்தாலே போதும். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து கிரப் குறுக்கிடாமல் விண்டோஸ் நேரே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் லினக்ஸ் பார்ட்டிஷனை நீக்கிவிட்டு, சி-க்கு ஒட்டினாற்போல் இருக்கும் அந்தக் காலி இடத்தை "எக்ஸ்டென்ட் வால்யூம்" கொடுத்து சி-யோடு சேர்த்துக்கொள்ளலாம்.